அக்கா போடாத கையெழுத்து

அந்தக் கார் சத்தமே போடாமல் போனது. வேகம் என்றால் காதைப் பிளக்கும் என்று நினைத்து இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மின்சாரக் கார் என்பதால் உறுமல் எதுவும் இல்லை. தார்ச்சாலையில் டயர் தேய்கிற சீறலும், ஆளைத் தள்ளுகிற காற்றும், அவ்வளவுதான். கிழக்கே கானலில் ஒரு கறுப்புப் புள்ளி நடுங்குவது தெரிந்தது. அது கார்தானா, குறுக்கே ஓடும் நாயா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எங்களைத் தாண்டி மேற்கே போய்ச் சிறுத்துவிட்டது. மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. நேரக்கருவியில் விழுந்த எண்ணைப் பார்த்தார், உடனே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு மணி நேரம் ஆரம்பிச்சிடுச்சு தம்பி. சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொல்லு,” என்றார்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர அவர் எனக்கு உறவில்லை. எங்கள் மோட்டார் கிளப்பில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வார நாட்களில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயங்களுக்குத் தலைமை நேரக்காப்பாளர். சம்பளம் கிடையாது. போக வர பெட்ரோலும் மதியம் ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதமும்தான். வீடு இரும்புலியூரில். நான் பள்ளிக்கரணையிலிருந்து பைக்கில் போய் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். அவர் என் பைக்கில் ஏறவே மாட்டார். “உன் வண்டியில வர்றதுக்கு நான் தண்டவாளத்து ஓரமா நடந்தே வந்துடுவேன்,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் வருவார். கார்களின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிவரை அளக்கிற பெண்மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் நாற்பதுக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும். இதைச் சொல்லி நாங்கள் அவரைக் கேலி செய்வோம். “அளக்கிறவ எதுக்குடா ஓடணும்?” என்பார்.

உலகத்தின் அதிவேகக் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உப்பு காய்ந்து கிடக்கும் வெளிகளிலும் பாலைவனங்களிலும், விமான இயந்திரத்தைக் காரில் பூட்டிக்கொண்டு மனிதர்கள் செய்த கூத்தையெல்லாம் பக்கத்து வீட்டுச் செய்திபோலச் சொல்வார். ஆனால் எந்தக் கார் எவ்வளவு வேகம் என்பதைவிட அவருக்குப் பிடித்தது அந்த விதிதான். தரைவேகச் சாதனை என்றால் ஒரு திசையில் ஓடினால் போதாது. அதே தூரத்தை எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். இரண்டு ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. ஏன் என்று நான் முதல் தடவை கேட்டபோது, “காத்து பின்னாடி தள்ளினா கட்டை வண்டியும் ஓடும். ரோடு சரிஞ்சிருந்தாலும் ஓடும். அதே காத்துல, அதே சரிவுல எதுத்து வா பாப்போம். போனது வேகம் இல்ல தம்பி, போய்ட்டு வந்ததுதான் வேகம்,” என்றார். நேரத்துக்கு ஏன் வரம்பு என்றால், காத்திருந்தால் காற்று மாறிவிடும். தனக்குச் சாதகமான காற்றை எதிர்பார்த்து எவனும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இவ்வளவு நேர்மையான ஒரு விதியை நம் ஊரில் வேறு எந்தக் காரியத்திலாவது பார்த்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே மாணவர்கள் கூடி ஒரு மின்சாரக் காரைக் கட்டியிருந்தார்கள். படுத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி, தரையோடு தரையாக, நீளமாக இருக்கும். ஓட்டியவள் மூன்றாம் ஆண்டு மாணவி, ஒல்லியான பெண். அந்தக் காருக்குள் அடங்கக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் அவளைப்போல நேராகப் பிடிக்க அவர்களில் யாராலும் முடியவில்லை. அந்த எடைப்பிரிவில் வடக்கே ஒரு குழு வைத்திருந்த தேசியச் சாதனையை முறியடிப்பது என்று தீர்மானித்து, எங்கள் கிளப்பை அழைத்தார்கள். வண்டலூருக்கு அப்பால் திறப்பு விழாவுக்குக் காத்துக் கிடந்த ஒரு புறவழிச்சாலையில் அனுமதி வாங்கினார்கள். கிழக்கு மேற்காக, நூல் பிடித்த மாதிரி சாலை. ஒரு கிலோமீட்டரை அளந்து இரண்டு முனையிலும் ஒளிக்கற்றை வைத்தோம். கார் ஒன்றை வெட்டும்போது கடிகாரம் தொடங்கும், மற்றதை வெட்டும்போது நிற்கும். அந்தப் பெண் முந்தின நாளே வந்து அந்தக் கிலோமீட்டரை நடந்தே பார்த்தாள், கல்லும் மணலும் இருக்கிறதா என்று. அக்காவும் கூடவே நடந்தார். இருவரும் வழியெல்லாம் கூழாங்கல் பொறுக்கி முந்தானையிலும் துப்பட்டாவிலும் கட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் கொட்டினார்கள்.

ஓட்டம் விடிந்தவுடன் நடக்க வேண்டியது. காலையில் காற்றே இருக்காது, தார் சூடாகாது, அப்போதே முடித்துவிடுங்கள் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் சிறப்பு விருந்தினர் வரவில்லை. பெரிய பதவியில் இருந்தவர். அவர் வந்துதான் கொடி அசைக்க வேண்டும் என்று எங்கள் கிளப் செயலாளரும் கல்லூரி நிர்வாகமும் முடிவு செய்திருந்தார்கள். எட்டரை ஆயிற்று, பத்து ஆயிற்று. பிள்ளைகள் காரின் மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பதினொன்றுக்கு மேல் அவர் வந்து இறங்கியபோது கடற்காற்று கிளம்பிவிட்டது. நம் பக்கத்தில் உச்சிவெயில் நேரத்தில் கோவளம் பக்கமிருந்து வருமே, அந்தக் காற்று. கொடி அசைந்தது, கார் கிழக்கிலிருந்து மேற்கே, அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பறந்தது. நான் முதலில் சொன்ன ஓட்டம் அதுதான். எண் பிரமாதமாக வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். தனியாக எழுதினால் அது பொய்.

இனி நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கார் போய் நின்ற மேற்கு முனையில்தான் பந்தல் போட்டிருந்தார்கள். கிழக்கு முனையில் கொடி அசைத்த விருந்தினரும் அவரோடு வந்தவர்களும் காரின் பின்னாலேயே அங்கே போயிருந்தார்கள். அங்கிருந்துதான் அது திரும்ப ஓடி வர வேண்டும். நான் வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன், நாதஸ்வர ஒலிப்பதிவு கேட்டது. அக்கா எழுந்தார். “வண்டிய எடு,” என்றார். பல வருடப் பழக்கத்தில் அன்றுதான் அவர் என் பைக்கில் ஏறினார். “வேகமாப் போ,” என்றும் சொன்னார்.

போய்ப் பார்த்தால், பிள்ளைகள் தங்கள் வேலையை எப்போதோ முடித்திருந்தார்கள். காரைக் கிழக்கே திருப்பி நிறுத்தி, பேட்டரியின் சூட்டைப் பார்த்து, டயரைப் பார்த்து, எல்லாம் தயார். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளேயே படுத்திருந்தாள், முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. காரின் மூக்கில் ஒரு சாமந்தி மாலை. அதற்கு முன்னால் யாரோ திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். முதல் ஓட்டத்தின் வேகத்தைக் கேட்டவுடன், ஊர்க் கண்ணெல்லாம் பட்டுவிடும் என்று கல்லூரி முதல்வருக்குத் தோன்றியிருக்கிறது. குங்குமம் கலந்த சதையும் விதையும் சில்லறைக் காசுகளும் சாலை அகலத்துக்கும் சிதறிக் கிடந்தன. ஒரு கூழாங்கல் கூட இருக்கக் கூடாது என்று முதல் நாள் குனிந்து குனிந்து பொறுக்கிய அதே சாலை. அதற்கும் அப்பால் விருந்தினரோடு வந்த கார்கள் வரிசையாக, சாலையை அடைத்து நின்றன. மேடையில் பொன்னாடை வைபவம் நடந்துகொண்டிருந்தது. விருந்தினருக்கு, தாளாளருக்கு, முதல்வருக்கு, டயர் வாங்கிக் கொடுத்தவருக்கு, பந்தலுக்குப் பணம் கொடுத்தவருக்கு. ஓட்டிய பெண்ணுக்கு மட்டும் இல்லை, அவள்தான் காருக்குள் இருக்கிறாளே.

“அக்கா, நான் ரெடியாதான் இருக்கேன். ரோட்டை மட்டும் க்ளியர் பண்ணச் சொல்லுங்க, ப்ளீஸ்,” என்றாள் அவள். அக்கா செயலாளரிடம் போனார். செயலாளர் சார் சிரித்த முகக்காரர். யாரிடமும் கடுஞ்சொல் பேசமாட்டார், எந்த மேடையையும் விடமாட்டார். “சிறப்பு விருந்தினர் பேசிட்டு இருக்கார் மேடம். நடுவுல எப்படி நிறுத்தறது? அஞ்சே நிமிஷம்,” என்றார். விருந்தினரோ இளைஞர்களுக்கு வேகம் எவ்வளவு அவசியம் என்பதைப் பற்றி மிக மிக நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா மைக் செட்காரரிடம் போய், மைக்கை நிறுத்தச் சொன்னார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “இன்னாக்கா நீ, பெரியவரு பேசிக்கினு கீறாரு. நான் ஆஃப் பண்ணா என் பொயப்பு பூடும்,” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் அக்காவே ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினார். நானும் இரண்டு மாணவர்களும் தண்ணீர் ஊற்றித் தள்ளினோம். குடும்பப் படம் மாதிரி காரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எங்களை ஓரமாகப் போய்ப் பெருக்கச் சொன்னார்கள்.

வண்டிகள் விலகி, சாலை காய்ந்து, அந்தப் பெண் எதிர்காற்றில் திரும்பி ஓடி முடித்தபோது ஒரு மணி நேரம் கடந்து பத்து நிமிடத்துக்கும் மேலாகிவிட்டது. அந்த ஓட்டத்தையும் அக்கா அதே கவனத்தோடு அளந்தார். சராசரியும் போட்டார். அங்கேதான் வயிறு எரிகிறது. காற்றை எதிர்த்து ஓடியதில் வேகம் குறைந்திருந்தது உண்மைதான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பழைய சாதனையைத் தாண்டியிருந்தாள். கார் சரி, பிள்ளைகள் சரி, ஓட்டிய பெண் சரி. ஒரு மணி நேரம் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பெரியவர்களால் அவளுடைய சாதனை அவள் கண் முன்னாலேயே பறிபோனது.

செயலாளர் சார் சான்றிதழை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார். அதை மேசைமேல் வைத்து, பேனாவைத் திறந்தும் கொடுத்தார். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, இது செல்லாது என்றார் அக்கா. “பத்து நிமிஷம்தானே மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் செயலாளர். “எனக்குத் தெரியும் சார். இந்தத் தம்பிக்குத் தெரியும். ஓட்டின பொண்ணுக்குத் தெரியும்.” அதோடு அக்கா அவருக்கு ஒரு விஷயமும் சொன்னார். ஒலியையே முந்திய அந்தக் கார் இருக்கிறதே, உலகத்தில் இன்றுவரை அதைவிட வேகமாகத் தரையில் எந்தக் காரும் ஓடவில்லை. அது முதலில் ஒலியைத் தாண்டி ஓடியபோது திரும்பி வர ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் தாமதமானது. செல்லாது என்றார்கள். அந்தக் காரைக் கட்டியவர்களும் வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஓடி, நேரத்துக்குள் முடித்துச் சாதனையை எடுத்துக்கொண்டார்கள். “நாமளும் நாளைக்குக் காலையில ஓடலாம் சார். ரோடு நாளைக்கும் நம்மகிட்டதான் இருக்கு. பந்தல் மட்டும் வேணாம்,” என்றார் அக்கா.

செயலாளர் சார் புன்னகை மாறாமல், “அதெல்லாம் வெளிநாடு மேடம்,” என்றார்.

இந்த ஒரு வார்த்தையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. வெளிநாட்டில் கடிகாரம் வேறா? அங்கே அறுபது நிமிடம், இங்கே எழுபதா? அந்தப் பிள்ளைகள் ராத்திரி பகலாக உழைத்துக் கட்டிய கார் வெளிநாட்டுக்குச் சளைத்ததில்லை என்று மேடையில் அரை மணி நேரம் முழங்கிவிட்டு, அளவு என்று வந்தவுடன் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று சொல்வது அந்தப் பிள்ளைகளைக் கேவலப்படுத்துவது. உங்களுக்கு இவ்வளவு போதும் என்று சொல்வது. நம் ஊரில் இப்போது சாதனை என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது. நூறு குழந்தைகளை வெயிலில் நிற்க வைத்தால் சாதனை, பெரிய அண்டாவில் பொங்கல் கிண்டினால் சாதனை, பெருங்களத்தூர் பாலத்தில் ஒரு கையால் பைக்கை ஓட்டிக்கொண்டு மறு கையால் மீட்டரைப் படம் பிடித்தால் அதுவும் சாதனை. எல்லாம் போன வேகம்தான். திரும்பி வந்து காட்டு என்று கேட்க ஆளில்லை. கேட்ட ஒரே ஆளைக் கிளப்பிலிருந்து நீக்கினார்கள்.

ஆமாம், நீக்கினார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்துக்குக் கூப்பிடவில்லை, அதற்கடுத்ததற்கும் கூப்பிடவில்லை. சான்றிதழில் நேரக்காப்பாளர் என்ற இடத்தில் செயலாளர் சாரே கையெழுத்திட்டுக்கொண்டார். அதில் சராசரிகூட இல்லை, காற்று தள்ளிவிட்ட முதல் ஓட்டத்தின் வேகத்தை மட்டும் போட்டிருந்தார்கள். முறையாக மேலே அனுப்பினால் கேள்வி வரும் என்பதால் எங்கேயும் அனுப்பவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அந்த வருடம் கல்லூரியில் சேர வந்த பெற்றோர்களிடம் காட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் இரும்புலியூர் வீட்டுக்குத் தேடி வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். “இன்னொரு நாள் ஓட்டினா டைம் பாக்க வருவீங்களா அக்கா?” என்று கேட்டாள். “நீ எப்பக் கூப்பிட்டாலும் வரேன்டி. பந்தல் போடாத இடமா பாரு,” என்றார் அக்கா. அவள் போய் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறாள். ஏற்கெனவே சாதனை நம்மிடம் இருக்கிறதே, மறுபடி எதற்கு ஓட வேண்டும், ஓடி வேகம் குறைந்தால் அசிங்கம் இல்லையா என்றார்களாம். அவள் படிப்பு முடிந்து போனாள். கார் கல்லூரி வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. பொய்யான சாதனை ஒன்று போய் உட்கார்ந்துகொண்டு, உண்மையான சாதனைக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

அக்கா அதைப் பற்றி வெளியில் எங்கேயும் பேசவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. பத்திரிகைக்கு எழுதுவோம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். “நான் போடல. அது போதும்,” என்பார். ஓய்வு பெற்ற பிறகும் நான் போனால் உலகத்தில் எங்கே யார் புதிதாகக் கார் கட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தாம்பரத்து மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்தோடு படத்திறப்பும் வைத்திருந்தார்கள். வீட்டு மாடியில் ஷாமியானா, நாற்காலிகள், சின்னதாக ஒரு மைக். செயலாளர் சார் வந்திருந்தார். வராமல் இருப்பாரா, மைக் இருக்கிறதே. அக்காவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கிளப்பின் சார்பில் ஒரு பெரிய கேடயத்தை மாமாவிடம், அதாவது அக்காவின் கணவரிடம் கொடுத்தார். அதில் அந்தக் காரின் படம் இருந்தது. பிறகு பேசினார். தென்சென்னைப் புறநகருக்கே பெருமை தேடித் தந்த அந்தச் சாதனையை அளந்து, தன் பொற்கரத்தால் கையெழுத்திட்ட அன்புச் சகோதரி என்றார். உயிரோடு இருந்தபோது வாங்க முடியாத கையெழுத்தை, பதில் சொல்ல முடியாத இடத்துக்கு அவர் போனவுடன் வாங்கிக்கொண்டார்கள். எழுந்து கத்தியிருப்பேன். காரிய வீட்டில் சண்டை போடக் கூடாதே என்ற ஒரே காரணத்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரிசை முன்னால் அந்தப் பெண் இருந்தாள். இப்போது ஓசூரில் வேலை; செய்தி கேட்டு வந்திருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நன்றி சொல்ல மைக்கை மாமாவிடம் கொடுத்தார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர், பந்தயம் பக்கமே வந்ததில்லை. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

“வெயில்ல இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, எல்லாருக்கும் நன்றி. செயலாளர் சார் என் வீட்டம்மாவப் பத்தி ரொம்ப உயர்வாப் பேசினார். அதுல ஒண்ணே ஒண்ணு. அவ அதுல கையெழுத்துப் போடல. அன்னிக்கி சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் மொதல்ல எங்கிட்ட அதத்தான் சொன்னா. அந்தப் பொண்ணு பாவம்னு சொல்லி அழுதா.” கேடயத்தைப் பக்கத்து நாற்காலியில் இருந்து எடுத்து, பேசிக்கொண்டே செயலாளர் சாரின் மடியில் வைத்தார். “இது எங்களுக்கு வேணாம் சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. கீழ எல போட்டாச்சு. யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது.”

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். யார் பேசி முடித்தாலும் தானாக எழும்பிப் பழகிய கை. கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டே செயலாளர் சார் மட்டும் கை தட்டினார்.